இறங்கும் விமானமும் எங்கள் கொழுந்துக் கம்பியும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பள்ளிக்கூட அதிபர் அவர்களே, அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் தேயிலைத் தோட்டத் துரை அவர்களே, கணினி அறையின் சாவியை நம்பிக் கொடுத்த செல்வநாயகம் சேர் அவர்களே, கொழும்பிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் மலையேறி வந்திருக்கும் விருந்தினர்களே, முன்வரிசையில் குடையைக் கால்களுக்கிடையே நிறுத்தி வைத்திருக்கும் அழகமுத்து கங்காணி ஐயா அவர்களே, வாங்கு போதாமல் சுவரோரம் நிற்கும் தந்தையரே, கொழுந்துக் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேராக இந்தப் பாய்களுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு படிப்பவர்களே, யன்னலுக்கு வெளியே என்னை முறைத்துக்கொண்டு நிற்கும் கரப்பந்து அணியினரே, உங்கள் எல்லோருக்கும் பதினோராம் ஆண்டு மாணவி துஷ்யந்தியின் வணக்கம்.

கரப்பந்து அணியினர் ஏன் முறைக்கிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர்களுடைய கோபம் நியாயமானதுதான்.

இன்று விஞ்ஞான தினம். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, விமானத்தைக் கம்பியாலும் வலையாலும் நிறுத்துவதைக் கணினியில் ஒத்திகை பார்த்தல். தலைப்பைச் சொன்னதும் பாயில் ஓர் அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. "கஹவத்தை பஸ்ஸே கை காட்டுனா நிக்க மாட்டேங்குது, இந்தப் புள்ள பிளேன நிப்பாட்டப் போவுதாம்" என்கிறார். அக்கா, பஸ்ஸை நிறுத்த எனக்குத் தெரியாது. அதற்கு விஞ்ஞானத்தில் இன்னும் வழி பிறக்கவில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை மேல்மலைக் கொழுந்துக் கம்பியைக் கழற்ற ஆட்கள் வரப்போகிறார்கள். கழற்ற வேண்டாம் என்று துரை அவர்களிடம் கேட்கத்தான் இந்த மேடையில் ஏறினேன். விமானமும் கப்பலும் கணினியும் நான் அந்த இடத்துக்கு நடந்துபோகும் படிகள். படிகளைப் பற்றி நம் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மேல்மலையில் பறிக்கும் கொழுந்து அங்கேயே உள்ள மடுவம் என்ற கொட்டகையில் நிறுக்கப்படும். நிறை பார்த்த கொழுந்து சாக்குகளில் கட்டப்பட்டு லொறி நிற்கும் பாதைக்கு இறங்க வேண்டும். இடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். அந்தப் படிகளுக்கு மேலாக ஒரு கம்பி கட்டியிருக்கிறது. சாக்கை உருளையில் மாட்டி விட்டால் அது கம்பியில் சறுக்கிக் கீழே போய், பழைய டயர்கள் சுற்றிய மரத்தூணில் மோதி நிற்கும். பல வருடங்களாக அப்படித்தான் நின்றது. இந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் அது நிற்கவில்லை. டயரைப் பிய்த்து, தூணைச் சாய்த்து, அழகமுத்து கங்காணி ஐயாவின் காலடியில் போய் விழுந்தது. ஐயா, நீங்கள் அன்று சொன்னதை எல்லோரும் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். "இன்னும் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தா என் குடைய யாருடா புடிப்பீங்க?" என்று கேட்டீர்களாம்.

சிரித்தோம். ஆனால் துரை அவர்கள் சிரிக்கவில்லை. ஓர் உயிர் போயிருக்கும் என்றார். கம்பியை நிறுத்தி வைத்தார். அது பிழையா? இல்லை. ஆனால் அன்று முதல் அந்தச் சாக்குகள் எப்படி இறங்குகின்றன? தலையில் இறங்குகின்றன. ஒரு நாளில் மூன்று நிறுவை. மூன்று நிறுவைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். பாசி பிடித்த படி, மழை விழுந்த படி, அட்டை ஏறும் படி. ஓகஸ்ட் மாதத்தில் என் தாய் மருதாயி நூற்று நாற்பதாவது படியில் சறுக்கி விழுந்தார். சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று மற்றவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்த வாரம்தான் நானும் என் தோழி ஜொய்சியும் கஹவத்தை நூலகத்தில் ஒரு பழைய விஞ்ஞானச் சஞ்சிகையைப் பார்த்தோம். அட்டையில் ஒரு கப்பல். கப்பலின் முதுகில் ஓர் ஓடுபாதை. தரையில் இறங்கும் விமானம் ஓடி நிற்கக் கிலோமீற்றர் கணக்கில் இடம் வேண்டும். கப்பலில் கிடைப்பதோ ஏறத்தாழ நூறு மீற்றர். அதற்கப்பால் கடல். அப்படியானால் எப்படி நிற்கும்? பாதைக்குக் குறுக்கே உருக்குக் கம்பி கிடக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். கொக்கி கம்பியைக் கவ்வும். கம்பியின் இரண்டு முனைகளும் கீழே உள்ள பொறிகளில் இருக்கும். அந்தப் பொறி கம்பியை விட்டுக் கொடுக்கும், விட்டுக் கொடுத்துக்கொண்டே இழுத்துப் பிடிக்கும். முரட்டுத்தனமாக நிறுத்தாது, மெல்ல மெல்ல வேகத்தை வாங்கிக்கொள்ளும். கொக்கி உடைந்த விமானமென்றால் குறுக்கே ஒரு நைலோன் வலையை எழுப்பி அதில் வாங்குவார்கள்.

போர் விமானத்தைப் பற்றியா பேசுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். அது எப்படிப் பறக்கிறது என்று நான் பேசவில்லை. அது எதைச் சுமந்து போகிறது என்றும் பேசவில்லை. அது எப்படி நிற்கிறது என்று மட்டும் பேசுகிறேன். போர்நிறுத்தம் வந்த இந்த இரண்டு வருடங்களாக நம் நாட்டில் பல விடயங்கள் நின்றிருக்கின்றன. நிற்பது நல்லது என்று நமக்குத் தெரியும்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜொய்சி மெதுவாகச் சொன்னாள். "துஷி, இது நம்ம கம்பிதானே? நம்ம கம்பில வாலு மட்டும் இல்ல."

ஆம், அது நம் கம்பிதான். வேகமாக வரும் ஒரு கனம், நிற்க வேண்டிய ஒரு குறுகிய இடம். கடலுக்குப் பதில் கங்காணி ஐயா.

ஆனால் கம்பியை எவ்வளவு விட்டுக் கொடுக்க வேண்டும், எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று எப்படி அறிவது? உண்மையான விமானத்தை ஒவ்வொரு முறையும் விட்டுப் பார்த்தால் எத்தனை விமானம் கடலில் விழும்? எத்தனை தாய்க்கு மகன் இல்லாமல் போவான்? ஆகவே கணினிக்குள் ஒரு கப்பல் கட்டுகிறார்கள். கணினிக்குள் ஒரு கம்பி, கணினிக்குள் ஒரு வலை. கம்பியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக நறுக்குகிறார்கள். இந்தத் துண்டு நேரத்தில் விமானம் எங்கே, கம்பி எவ்வளவு இழுபட்டது, வேகம் எவ்வளவு குறைந்தது என்று கணினி கணக்கிடும். அந்த விடையை வைத்து அடுத்த துண்டு நேரத்தைக் கணக்கிடும். அப்படியே ஆயிரம் ஆயிரமாக. நூறு முறை கம்பி அறுந்தாலும் யாரும் சாவதில்லை. அதுதான் ஒத்திகை. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோமே, அதைப்போல ஆபத்துக்கு ஒத்திகை.

நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு கணினிகள். ஒன்று வேலை செய்யும். செல்வநாயகம் சேரிடம் போய்ச் சாவி கேட்டோம். எதற்கு என்றார். விமானத்தை நிறுத்த என்றோம். விமானத்தை நிறுத்திவிட்டுக் கணினியையும் மறக்காமல் நிறுத்துங்கள் என்று சொல்லிச் சாவியைத் தந்தார்.

எங்களிடம் உருக்குப் பொறி ஏது? ஆனால் அந்தச் சஞ்சிகையில் இன்னொரு செய்தி இருந்தது. கப்பலில் விமானம் இறங்கத் தொடங்கிய முதல் நாட்களில் பொறிகள் இருக்கவில்லை. குறுக்கே கயிறு கட்டி, கயிற்றின் இரண்டு முனைகளிலும் மணல் மூட்டைகளைக் கட்டி வைத்தார்களாம். விமானம் மூட்டைகளை இழுத்துக்கொண்டே போய் நின்றதாம். மணல் மூட்டை எங்களிடம் இல்லையா? இருக்கிறது. கயிறு இல்லையா? இருக்கிறது. வலை? இருந்தது. அது கரப்பந்து அணியினுடைய வலை. இப்போது அவர்கள் முறைப்பதன் காரணம் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

எக்செல் அட்டவணையில் ஒவ்வொரு வரியையும் செக்கனில் நூறில் ஒரு பங்காக வைத்தோம். முதல் வரியில் சாக்கின் வேகம். அடுத்த வரியில் கயிறு இழுத்த பிறகு மிஞ்சிய வேகம். எண்ணூறு வரிகள். சாக்கின் நிறை இருபத்தைந்து கிலோ. மடுவத்தில் ஒரு சாக்கில் அதற்கு மேல் கட்டுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மணல் மூட்டை வைத்தால், சாக்கு நான்கு மீற்றருக்குள் நிற்கும் என்றது கணினி. சாக்கின் உருளைக்கு வாலாக ஒரு கொக்கியை மாட்டி, கம்பியின் கீழ்முனையில் குறுக்கே கயிற்றைக் கட்டி, அதிலிருந்து ஆறாவது மீற்றரில் வலையைக் கட்டினோம், தேவைப்படாது என்ற நம்பிக்கையோடு.

துரை அவர்களே, நீங்கள் அனுமதி தந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல் நிரப்பிய சாக்குகளைப் பத்து முறை விட்டோம். பத்து முறையும் நான்கு மீற்றருக்குள் நின்றது. கங்காணி ஐயா குடையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார். மறுநாள் உண்மையான கொழுந்து. காலை நிறுவை நின்றது. பகல் நிறுவை நின்றது. ஜொய்சி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். பிறகு மாலை நிறுவை வந்தது.

அந்தக் கடைசி நடையின் முதல் சாக்கு கயிற்றைக் கவ்வியது. மணல் மூட்டைகள் இழுபட்டன. நான்கு மீற்றர் போனது. ஐந்து போனது. ஆறு போனது. வலையில் மோதி, வலையைக் கிழித்து, ஏழாவது மீற்றரில் தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. வலை செய்ய வேண்டியதை வலை செய்தது. ஆனால் துரை அவர்களே, உங்கள் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. தங்கச்சி என்று சிங்களத்தில் அழைத்து, "நங்கி, கம்பியூட்டர்ல சாக்கு நிக்குது. இங்க நிக்கல்லயே" என்றீர்கள். இந்த வருகிற திங்கட்கிழமை கம்பியைக் கழற்றுவது என்று அன்று முடிவானது.

நான் அழவில்லை. ஜொய்சி அழுதாள். பிறகு இரண்டு பேரும் கணினி அறைக்குப் போனோம். எண்ணூறு வரிகளையும் ஒரு வாரம் தேடினோம். ஒரு பிழையும் இல்லை. பிழையே இல்லாத கணக்கு எப்படிப் பிழைத்துப் போகும்? கடைசியில் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். இருபத்தைந்து கிலோ எங்கே நிற்கும் என்று கேட்காமல், ஏழு மீற்றர் போன சாக்கின் நிறை என்ன என்று கேட்டோம். நிறையை ஒவ்வொரு கிலோவாக ஏற்றினோம். கணினி சொன்னது நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு கிலோ. மடுவத்தில் நிறுக்கும்போது இருபத்தைந்தாக இருந்த கொழுந்து, கம்பியில் ஏறும்போது எப்படி நாற்பத்தொன்றானது? கொழுந்து சாக்குக்குள் வளர்ந்ததா?

பாயில் இப்போது சிலர் தலையைக் குனிகிறீர்கள். குனியாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கிழிந்த வலையைத் தைக்க எடுத்தபோது நூலில் ஒரு துண்டு மரப்பட்டை சிக்கியிருந்தது. இறப்பர் மரத்தின் பட்டை, காய்ந்த பாலோடு. தேயிலைச் சாக்கில் இறப்பர் பட்டை ஏன் வருகிறது? அந்தச் சாக்கு வலையில் தொங்கியபோது எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் அதை மறைத்துக்கொண்டு நின்றது யார் என்று யோசித்தேன். கொழுந்து நசுங்கும், தள்ளிப் போங்கள் என்று எங்களை விரட்டியது யார் என்று யோசித்தேன். வீட்டுக்குப் போனேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாக்கில் விறகு இருந்ததா என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது. "ஏன்டி, அதையுமா அந்தக் கம்பியூட்டரு சொல்லிச்சு?" என்றார்.

இதுதான் உண்மை. இதை இந்த மேடையில் சொல்லச் சொன்னவர்களும் அவர்கள்தான். மேல்மலையின் எல்லையில் வெட்டிப்போட்ட இறப்பர்க் கிளைகள் கிடக்கின்றன. அடுப்புக்கு அதுதான் விறகு. காலை முதல் கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகு, மாலையில் விறகையும் சுமந்து அத்தனை படி இறங்க வேண்டும். ஆகவே கடைசி நிறுவை முடிந்து சாக்கு கட்டும்போது விறகும் உள்ளே போகும். கீழே முதலில் இறங்கியவர்கள் லொறி வருமுன் அதை உருவி எடுத்துவிடுவார்கள். தாய் செய்ததை மகள் செய்தாள், மகள் செய்ததை மருமகள் செய்தாள். ஒரு சல்லிக் கொழுந்தும் அதனால் குறைந்ததில்லை. ஜூன் மாதத்தில் தூணைச் சாய்த்ததும், மழையில் நனைந்து கனத்த விறகோடு வந்த அந்தக் கடைசி நடைதான்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன். இருபத்தைந்து கிலோதான் என்று எழுதிக்கொண்டபோது பக்கத்தில்தானே நின்றீர்கள் என்றேன். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார். "நீங்க கொழுந்து எவ்வளவுன்னு கேட்டீங்க. இருவத்தஞ்சுன்னு சொன்னோம். சாக்குக்குள்ள என்னா இருக்குன்னு யாரு கேட்டா?"

சபையோரே, சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. கணினியும் கேட்கவில்லை. கணினி எப்படிக் கேட்கும்? நாம் கொடுத்ததை அது கணக்கிடும். கொடுக்காததை அது கனவு காணாது.

மறுநாள் அந்தச் சஞ்சிகையைத் திரும்ப வாங்கி, அவசரத்தில் நாங்கள் தாண்டிப்போன பக்கத்தைப் படித்தோம். ஒவ்வொரு விமானமும் கப்பலில் இறங்குமுன் அதன் நிறை என்னவென்று கப்பலுக்குத் தெரிய வேண்டும். அந்த நிறைக்கு ஏற்பவே பொறியின் பிடியைத் திருப்பி வைப்பார்கள். கனத்த விமானத்துக்கு இலேசான பிடி வைத்தால் அது கடலுக்குள் போகும். இலேசான விமானத்துக்குக் கனத்த பிடி வைத்தால் கொக்கி பிய்ந்து போகும். அப்படியானால் எப்போதும் ஏழு ஏழு மணல் மூட்டை கட்டிவிட்டால் போதாதா? போதாது. காலைச் சாக்கு அதில் மோதினால் வாய் பிளந்து கொழுந்தெல்லாம் பாதையில் கொட்டும். அதையும் கணினியில் ஒத்திகை பார்த்தோம். ஆகவே வழி ஒன்றே ஒன்றுதான். இறங்குவது எதுவோ, அது தன் நிறையைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்.

சொல்வது யார்? சொன்னால் என்ன நடக்கும்? தாய்மார்கள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது இதைப் பேசினார்கள். ஒருவர் விறகைப் பறிமுதல் செய்வார்கள் என்றார். ஒருவர் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னும் நிறுத்தி ஏசுவார்கள் என்றார். ஒருவர் கம்பியே போகட்டும், மானம் மிஞ்சும் என்றார். நான் தனியாகத் துரை அவர்களின் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிடவா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். "தனியா போயி சொன்னா யாராவது ஒருத்தி தலையில விழும். எல்லாரும் இருக்கற எடத்துல சொல்லு. விழுந்தா எல்லாரு தலையிலயும் விழட்டும். நாங்க சாக்கே தூக்குனவங்க."

அதனால்தான் துரை அவர்களே, இது உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதமாக வராமல் ஒரு மேடைப்பேச்சாக வந்திருக்கிறது.

எங்கள் வேண்டுகோள் இதுதான். விறகைச் சாக்குக்குள் ஒளிக்க வேண்டாம். மாலையில் கொழுந்தெல்லாம் இறங்கிய பிறகு விறகுக்கென்று தனியாக ஒரு நடை விடுங்கள். கட்டுக் கட்டாக, மடுவத்துத் தராசில் நிறை பார்த்த பிறகு. நிறைக்கு ஏற்ப எத்தனை மணல் மூட்டை மாட்ட வேண்டும் என்று கணினியில் பார்த்து ஒரு பலகையில் எழுதித் தந்துவிடுகிறோம். அதைப் பார்த்து மாட்டினால் போதும், மேல்மலையில் யாரும் எக்செல் படிக்க வேண்டியதில்லை. வலை பின்னால் இருக்கட்டும். கரப்பந்து அணியினருக்குப் புது வலை வாங்க நாங்கள் ஒரு நாடகம் போட்டுத் தருகிறோம்.

துரை அவர்கள் கையை உயர்த்துகிறார். சொல்லுங்கள் சேர்.

ஒரு கட்டு விறகு எத்தனை கிலோ என்று கேட்கிறார். சேர், கணினி பதினாறு என்றது. ஆனால் அது ஒரு சாக்கைப் பார்த்துச் சொன்ன விடை. நான் இனிமேல் ஊகித்துச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் அந்தப் பாயில் இருக்கிறார்கள். அவர்களையே கேளுங்கள். இதுவரை யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அம்மா எழுந்திருக்கிறார். ஒலிவாங்கி அவ்வளவு தூரம் வராது. பின்னால் இருப்பவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "பதினஞ்சு, பதினாறு வருங்க தொர. மழ நாள்ல இருவது. என்னுது அன்னிக்கு பதினாறு." அன்று வலையைக் கிழித்த சாக்கு தன்னுடையது என்று சொல்கிறார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எழுகிறார். தன்னுடையது பதினான்கு என்கிறார். அந்த மூலையில் பதினெட்டு. கதவோரத்தில் பதினேழு. எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னால் எனக்கு எழுத முடியாது. ஜொய்சி, ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு கீழே இறங்கு.

துரை அவர்கள் சிரிக்கிறார். கங்காணி ஐயாவிடம் எதுவோ சிங்களத்தில் சொல்கிறார். இப்போது எனக்கும் சொல்கிறார். "ஹரி நங்கி. திங்கக்கெழம ஆள் வர வேணாம்னு சொல்றன். ஒரு மாசம் பாப்பம். வெறகுக்கு வேற ட்ரிப். ஆனா நிறுக்காம ஒரு குச்சியும் கம்பில ஏறக்கூடாது." ஒரு மாதம் போதும் சேர். நிறுக்காமல் ஒரு குச்சியும் ஏறாது. அதற்கு இந்தப் பாயில் இருப்பவர்கள் எல்லோரும் சாட்சி.

கைதட்டுகிறீர்கள். எனக்காக என்றால் வேண்டாம். உலகத்தின் பெரிய கப்பல்களில் எத்தனை பெரிய கணினி இருந்தாலும், எத்தனை உறுதியான கம்பி இருந்தாலும், இறங்குகிறவர் உண்மையைச் சொன்னால்தான் நிறுத்துகிறவர் உயிரைக் காக்க முடியும். உண்மையைச் சொல்ல வைப்பது எது? பயமா? பயம் அவர்களை இத்தனை காலம் ஒளிக்கத்தான் வைத்தது. இன்று ஒரு மனிதர் அமைதியாக, எத்தனை கிலோ என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு எத்தனை பேர் எழுந்து நின்றீர்கள் என்று திரும்பிப் பாருங்கள். கைதட்டுவதானால் அதற்குத் தட்டுங்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், கேள்வி கேட்ட துரை அவர்களுக்கும், நின்றபடி கால் மாற்றி மாற்றிக் கேட்ட தந்தையருக்கும், எழுந்து நின்று பதில் சொன்ன தாய்மார்களுக்கும் என் மனம் நிறைந்த நன்றி. திங்கட்கிழமை மாலை லொறிப் பாதையில் சந்திப்போம். அங்கே கயிற்றுக்குக் கிட்ட நிற்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வணக்கம்.